எதிர் விளிம்பு

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஒரு கை நீண்டது. ஈரக் கை. அதில் நான்கு விரல் அகலத் தோல் பெல்ட் ஒன்று தொங்கியது. நடுவில் அறுக்கப்பட்டிருந்தது.

"கொளுவி இறுகிக் கெடந்திச்சி, மதினி. கழட்டேலாமப் போச்சி. அறுத்துத்தான் எடுத்த," என்றான் கணவரின் தம்பி ஜவுபர்.

நாச்சியா வாங்கிக்கொண்டாள். கணவரின் பெல்ட். கல்யாணத்துக்கு முன்பிருந்தே முகைதீன்பாவா சாரனுக்கு மேல் இதைத்தான் கட்டியிருந்தார். இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தபோதும் கட்டியிருந்தார். தேத்தண்ணீர் கொண்டுபோனபோது உயிரில்லை, மவுத்தாகியிருந்தார்.

கை திரும்பிப் போகவில்லை.

"வலப்பக்கப் பைக்குள்ள என்னமோ இரிக்கி. நான் தொறக்கல்ல."

கேட்காமலே சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"காக்காவக் கழுவுங்க," என்றாள். அண்ணனின் உடல் அங்கே காத்திருந்தது.

கை போனது. வீட்டின் பின்பக்கம் படங்கு கட்டி மறைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதற்கு மேலாகப் பெரிய றோட்டில் வெடி. யுத்தம் முடிந்துவிட்டதென்று ரேடியோ சொல்லி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. முச்சக்கரவண்டிகள் கொடி கட்டிக்கொண்டு ஹோர்ன் அடித்துப் போயின. சுனாமி வீட்டுத்திட்டத்துச் சுவர்கள் மெல்லியவை. ஒவ்வொரு வெடிக்கும் கண்ணாடி அதிர்ந்தது.

பெல்டின் இடப்பக்கப் பையில் ஒரு பேனை மூடியும் மடித்த துண்டுக் கடதாசியும். வலப்பக்கப் பையின் வாய் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவள் நூலைப் பார்த்தாள். முடிச்சு அவருடையது. மணிக்கூடு திருத்துகிறவர் போடும் கடுகளவு முடிச்சு. ஜவுபர் திறக்கவில்லை. அவ்வளவுக்கு உண்மை.

ஆனால் தோலில் பழைய ஊசித் துளைகள் நிறைய இருந்தன. பிரித்துப் பிரித்துத் தைத்திருக்கிறார். அவளுடைய தையல் பெட்டியில் கறுப்பு நூல் ஏன் நிற்பதில்லை என்று இப்போது தெரிந்தது.

பல்லால் நூலைக் கடித்தாள். உள்ளே ஒரு துணி முடிச்சு. அவிழ்க்காமலே விரலால் தடவினாள். வட்டம். வட்டத்தில் ஓரிடத்தில் பிறைபோல ஒரு குறை.

கடல் கொண்டுபோய்விட்டது என்று அவர் சொன்ன காசு.

*

பழைய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. முன்னறையில் அவர் மணிக்கூடு திருத்துவார். வெள்ளிக் காசு பார்ப்பதும் அங்கேதான். அச்சடிக்கும்போதே பிசகிப்போன பழைய காசுகளைத் தேடிக் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். பிசகு அச்சடித்த இடத்தில் நேர்ந்ததா, பிறகு யாரோ செய்த வேலையா என்று சொல்ல அவர் வேண்டும். அதற்கு அவரிடம் இரண்டு சொற்கள் இருந்தன. பிறவி. பட்டது. அதற்கு மேல் கதைக்கமாட்டார்.

ஒருமுறை இறக்காமத்திலிருந்து ஒருவன் விளிம்பு குறைந்த ரூபாய் ஒன்றோடு வந்தான்.

"அடிக்கக்குள்ளயே இப்பிடி வந்த காசி, காக்கா. எங்கட மூத்தப்பாட பெட்டகத்துல இரிந்த."

அவர் சிறு கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பார்த்தார்.

"பட்டது."

"எதுல பட்ட?"

"ஒங்கட மச்சான்ட அரத்துல."

வந்தவன் முதலில் சிரித்தான். பிறகு கோபித்தான். அன்றைக்குத்தான் அவர் நீளமாகக் கதைத்தார். நாச்சியா அடுக்களையில் மீன் வெட்டிக்கொண்டு கேட்டாள்.

"கொறஞ்ச இடத்தப் பாக்காதீங்க, தம்பி. அதுல ஆரும் வேலை செய்யலாம். அதுக்கு நேரெதிர்ப் பக்கத்தப் பாருங்க. தகடே கொறையா வந்திருந்தா, அச்சி அமத்தக்குள்ள எதிர் விளிம்புக்கு வெள்ளி போய்ச் சேராது. அங்க விளிம்போர மணிப்புள்ளி விழாது. மொட்டையா இரிக்கும். ஒங்கட காசில எதிர்ப்பக்கம் மணி மணியா இரிக்கி. முழுக்காசா அடிச்சி, நூறு வருசத்துக்குப் புறகு ஆரோ கடிச்சிரிக்கான்."

அவரிடமே ஒரு பிறவிக் காசு இருந்தது. ராணித்தலை போட்ட 1862 ரூபாய். ஒரு பக்கம் பிறை. எதிர்ப்பக்கம் மொட்டை. தகரப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியில் பூட்டியிருந்தார். கொழும்பு ஆட்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார்கள். அதை யாரும் தொடக்கூடாது. ஒன்பது வருடம் பார்த்திருந்து பிறந்த மகள் பஸ்மினாவும் தொடக்கூடாது. அவள் அழுவாள். அவர் கொடுக்கமாட்டார்.

கல்யாணம் முடித்த புதிதில் நாச்சியா ஒருநாள் அவருடைய காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோலப் பளபளக்க வைத்தாள். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தாள். மூன்று நாள் அவர் கதைக்கவில்லை. நாலாம் நாள், "காசத் தேய்க்கப்படா. தேய்ச்சா அது செத்திரும்," என்றார்.

கடல் வந்தபோது அவள் வரிப்பத்தான்சேனையில் இருந்தாள். தங்கை ஹாஜறாவின் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தாள். வாப்பாவும் மகளும் வீட்டில். பாதை திறந்து அவள் ஊர் வந்து சேர நாலு நாள் ஆனது. அவர் பள்ளிக்கூட முகாமில் சுவரோடு இருந்தார்.

"மூணாம் நாள் பிள்ளையத் தாழம்பத்தைக்குள்ள கண்டெடுத்து அடக்கின," என்றார்.

"என்ன உடுப்பு உடுத்திரிந்தா?"

"தெரியா."

கண்டெடுத்தவருக்கு உடுப்புத் தெரியாதா என்று அவள் அன்றே நினைத்தாள். ஒரே குழியில் நாற்பது பேரை அடக்கினார்கள். அதற்குள் மகளும் இருக்கிறாள் என்று அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

பிறகு அடுத்த வீட்டுப் பாத்தும்மா மாமி முகாமில் வைத்துச் சொன்னாள். "நாங்கெல்லாம் மேக்கால ஓடுறம். ஒன்ட மாப்பிள மட்டும் கிறுகித் திரும்பி ஊட்டுப் பக்கம் ஓடினாரு, புள்ள."

அன்றைக்கு அவரிடம் கேட்டாள். "என்னத்துக்குக் கிறுகிப் போன?"

அவர் வெகு நேரம் தரையைப் பார்த்தார்.

"பெட்டி உள்ளுக்க இரிந்திச்சி," என்றார்.

"எடுத்தீங்களா?"

"இல்ல. கடல் எடுத்திட்டு."

நாலரை வருடம். அதற்குப் பிறகு உப்புக் கூட, உப்புக் குறைவு, ஆணம் ஆறிப்போச்சு. அவ்வளவுதான் கதை.

*

"ராத்தா." ஹாஜறா உள்ளே வந்தாள். "கழுவிக் கபன் சீலை சுத்தியாச்சி. லெப்பை கேக்காரு. பொருத்தம் சொல்லணுமாம்."

அது ஊர் வழக்கம். மையத்தைத் தூக்கும் முன், தொழுவிக்கும் லெப்பை இறந்தவரின் மனைவியிடம் கேட்பார். அவர் செய்த பிழை ஏதும் இருந்தால் பொருந்திக்கொண்டீர்களா என்று. பொருந்தினேன் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வார்கள். அடித்த புருசனுக்கும் சொல்வார்கள்.

"வாறா எண்டு சொல்லட்டா?"

"பொறு."

"அசறுக்கு முன்னுக்கு எடுக்கணும் ராத்தா. பெரிய றோட்டால மையத்துச் சந்தூக்கு போகேலாதாம். வெடி கொளுத்துறானுகளாம். சுத்திப் போகணும்."

"பொறு எண்டு சொன்னன்."

ஹாஜறா அவள் கையிலிருந்த துணி முடிச்சைப் பார்த்தாள். வெளியே போனாள்.

அவள் போனதும் ஜவுபரின் குரல் திரைச்சீலைக்கு மிகக் கிட்டக் கேட்டது.

"மதினி, அந்த ராணித்தலையா அது?"

நாச்சியா முடிச்சை முந்தானைக்குள் மறைத்தாள்.

"கொழும்பாக்கள் போன வருசமும் என்னக்கிட்டக் கேட்ட. இல்ல, கடலோட போச்சி எண்டுதான் நானும் சொன்ன. காக்கா எனக்கும் பொய் சொல்லிரிக்காரு, பாத்தீங்களா?"

"ஒங்கட காக்கா கபனோட கெடக்காரு."

"நான் என்ன சொல்லிட்ட? பத்திரமா வைங்க எண்டுதான்."

கண்ணில் செருகும் அவருடைய கண்ணாடி மேசையில் காலை வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்தாள். இருபது வருடத்தில் ஒருநாளும் அதைக் கண்ணில் வைத்ததில்லை. எப்படி வைப்பதென்று தெரிந்திருந்தது. யன்னலைச் சற்றுத் திறந்து வெளிச்சத்துக்கு வந்தாள். துணியை அவிழ்த்தாள்.

காசு கறுத்திருந்தது. ராணியின் கன்னத்தில் அம்மைத் தழும்புபோலப் புள்ளிகள். குறைந்த இடத்தை அவள் பார்க்கவில்லை. காசைச் சுழற்றி நேரெதிர் விளிம்புக்கு வந்தாள்.

மணிகள் இருந்தன. ஒன்றுவிடாமல், வரிசையாக, எள்ளு வைத்ததுபோல.

மறுபடி பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறையும் பார்த்தாள். இது அந்தக் காசு இல்லை. யாரோ வெட்டிய காசு. வெட்டு அத்தனை நேர்த்தி. கல்முனையில் இந்த நேர்த்தியில் அரம் பிடிக்கக்கூடிய கை ஒன்றுதான் இருந்தது. அதை இப்போது கபனுக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள்.

அவளுக்கு நினைவு வந்தது. கடல் வருவதற்கு ஒரு மாதம் இருக்கும். அவருடைய வேலைத் துவாயை உதறியபோது வெள்ளித் தூள் பறந்தது. மணிக்கூட்டில் ஏது வெள்ளி? ஊராருடைய கள்ளக் காசைத் தூக்கி எறிகிறவர் தானே வெட்டத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தாள். கேட்கவில்லை. அவளுக்கு அவரிடம் கேட்கும் பழக்கம் இல்லை. அவருக்குச் சொல்லும் பழக்கம் இல்லை.

ஆக, கள்ளக் காசுக்காரர். நல்ல காசு எங்கே? விற்றுவிட்டு, கடல் எடுத்தது என்றாரா? இதையும் யாருக்காவது பிறவி என்று காட்டத்தான் பிரித்துப் பிரித்துத் தைத்தாரா?

"இது வெட்டின காசி," என்றாள் திரைச்சீலையைப் பார்த்து.

திரைச்சீலை அசைந்தது.

"ஆரு சொன்ன?"

"நான் பாத்த."

"நீங்க பாத்தீங்களா?" ஜவுபர் சிரித்தான். மையத்து வீடு என்பது நினைவு வந்து நிறுத்தினான். "சரி மதினி. வெட்டின காசிதான். வெட்டின காசத்தான் காக்கா இடுப்புல தச்சிக்கிட்டுத் திரிஞ்சாரு."

அவன் நம்பவில்லை. செருப்புச் சத்தம் விலகிப் போனது.

*

பாத்தும்மா மாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஹாஜறா அனுப்பியிருப்பாள். கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"லெப்பை தஸ்பீஹ உருட்டி உருட்டி நிக்காரு. என்னகா இது? போற மனிசனோட என்ன வழக்கு?"

"அவர் கிறுகி ஓடினதச் சொன்னது நீங்கதானே, மாமி."

மாமி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிறகு அவிழ்த்தாள்.

"பாதியச் சொன்ன."

நாச்சியா கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

"மத்தப் பாதியச் சொல்ல ஒன்ட மாப்பிள விடல்ல. அடுத்த நாள் முகாமுக்குப் பின்னால வந்து கையப் புடிச்சாரு. அல்லாவுக்காகச் சொல்லிராதீங்க மாமி எண்டு அழுதாரு. ஆம்பள அழுதா நான் என்ன செய்யிற? வாக்குக் குடுத்திட்டன். இப்ப அவர் மவுத்து. வாக்கும் முடிஞ்சி."

"என்ன பாதி?"

"அவர் தனிய ஓடல்ல, புள்ள. பிள்ளைக்குப் புறத்தால ஓடினாரு. பிள்ளதான் முதல்ல கையப் பறிச்சிக்கிட்டுக் கிறுகின. அவர் கத்திக்கிட்டே போனாரு. அத விட்டிட்டு வா மகள், அத விட்டிட்டு வா எண்டு. எத எண்டு எனக்கெங்க தெரியும்? மறுகா தண்ணி வந்திட்டு."

வெளியே ஒரு கட்டு வெடி தொடர்ந்து வெடித்தது.

"ஏன் இப்ப சொல்றீங்க?"

"இப்பயும் சொல்லாட்டி எப்ப சொல்ற? நானும் சாகவா?"

மாமி எழுந்தாள். கதவடியில் நின்று, "நம்பாட்டிப் போ," என்றாள்.

நாச்சியா நம்பவில்லை. மையத்து வீட்டில் எல்லோரும் நல்லதுதான் சொல்வார்கள். தூக்க நேரமாகிவிட்டால் இன்னும் நல்லது சொல்வார்கள். மாமிக்கு எழுபது வயது. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தவள் எத்தனை முறை திரும்பிப் பார்த்திருப்பாள்?

ஆனால் கடல் வருவதற்கு முந்திய அந்த நாட்களில் பஸ்மினா வலக்கையை மூடியே வைத்திருந்தாள். சோற்றுக்கு மட்டும் திறப்பாள். என்னகா கையில என்று கேட்டால், "வாப்பா ஒருத்தருக்கும் காட்டப்படா எண்டவரு," என்று சொல்லிச் சிரிப்பாள். ஏதோ இனிப்பு வாங்கிக் கொடுத்துப் பழக்குகிறார் என்று நாச்சியா எரிச்சல்பட்டாள்.

கண்ணாடியை மறுபடி கண்ணில் வைத்தாள். இப்போது குறைந்த இடத்தைப் பார்த்தாள்.

சுனாமிக்குப் பிறகு ஆட்கள் இடிபாட்டில் பொறுக்கிய காசுகளை அவரிடம் கொண்டுவந்தார்கள். பார்த்ததும் சொல்வார். இது அலையில் நனைஞ்சது, வெள்ளி ஒண்டும் ஆகல்ல. இது உப்புச் சேத்துல நாள் கணக்கில் கிடந்தது, கறுப்புப் புடிச்சிக் குழி விழுந்திட்டு. அதுக்குப் புறகு ஆரும் வெட்டினா வெட்டுக்குள்ள வெள்ளை தெரியும்.

பிறைக்குள் அரத்தின் கோடுகள் தெரிந்தன. தலைமயிரைவிட மெல்லிய கோடுகள். ஒவ்வொரு கோட்டின் அடியிலும் கறுப்பு இறங்கியிருந்தது. இரண்டு கோடுகளுக்குக் குறுக்காக ஒரு உப்புக் குழி. கொண்டையூசி முனையால் கீறிப் பார்த்தாள். கறுப்பு வரவில்லை.

வெட்டு முந்தியது. கடல் பிந்தியது. விற்க இல்லை, அழுத மகளுக்குக் கொடுக்க வெட்டியது.

சேற்றில் நாள் கணக்கில் கிடந்த காசு. மூன்று நாள் என்று அவர் சொன்னார். கை மூடியிருந்திருக்கும். அவர்தான் விரல்களைப் பிரித்திருப்பார். உடுப்பைப் பார்த்திருக்கமாட்டார்.

பெட்டி உள்ளுக்க இரிந்திச்சி. அவர் சொன்னது பொய்யில்லை. பெட்டி உள்ளேதான் இருந்தது. அதைக் கடல்தான் எடுத்தது.

"ராத்தா, லெப்பை..."

"வாறன்."

*

வெள்ளைச் சீலையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். ஆண்கள் முற்றத்துக்கு விலகினார்கள். முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். வலக்கண்ணைச் சுற்றி ஒரு வளையம், கண்ணாடியைச் செருகிச் செருகி விழுந்த மடிப்பு. மவுத்தான பிறகும் போகவில்லை. கற்பூர மணம் வந்தது. அவள் முகத்தைத் தொடவில்லை. வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லெப்பை கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"மர்ஹூம் முகைதீன்பாவா ஒங்களுக்குச் செஞ்ச பிழை, கொறை எது இரிந்தாலும் பொருந்திக்கிட்டீங்களா, உம்மா?"

"பொருந்தின."

"ஆகிரத்துல கேக்க ஒண்டும் இல்லயே?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். தூக்குங்க."

அவள் நகரவில்லை. வேறெதுவோ சொல்லப் போகிறாள் என்று லெப்பை காத்து நின்றார். போனவரிடம் பொருத்தம் கேட்பதற்கு அந்த ஊரில் வழக்கம் எதுவும் இல்லை. ஹாஜறா தோளைப் பிடித்து அவளை அறைக்குக் கூட்டிப்போனாள்.

சந்தூக்கு வெளியே போனது. கலிமாச் சத்தம் ஒழுங்கையில் இறங்கி வளைந்து, பெரிய றோட்டைத் தொடாமல் சுற்றிப் போனது. ஜவுபர் முன்கால் பிடித்திருந்தான். திரும்பும்போது யன்னலை ஒருமுறை பார்த்தான்.

அறைக் கதவைச் சாத்தினார்கள். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் நாலு மாதமும் பத்து நாளும் இனி அவளுக்கு இந்த அறைதான்.

காசைத் துணியில் சுற்றப் போனவள் முதல்முறையாக அதைக் கவிழ்த்தாள். பின்பக்கம். வருடம் போட்ட பக்கம். எல்லா இடமும் கறுத்திருக்க, நடுவில் மட்டும் வெள்ளையாக மினுங்கியது. எழுத்தும் வருடமும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. புளி போட்டால் வரும் மினுக்கம் இல்லை அது. விரல் தடவித் தடவி நாள்பட வருவது.

நாச்சியா தன் பெருவிரலை அதில் வைத்தாள்.

அந்த இடம் அவளுடைய விரலைவிட அகலமாக இருந்தது.